ஜன்னலுக்கு முன்னால் ஒரு தூண்

குடிவந்த அன்று காலையில் டெய்லரம்மா முதல் வேலையாகச் சமையலறை ஜன்னலைத் திறக்கப் போனாள். கதவு உள்ளங்கை அகலம் நகர்ந்து எதிலோ முட்டி நின்றது. இடுக்கில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். உருண்டையாக, வழுவழுவென்று, யானைக் கால் மாதிரி ஒன்று ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. ஜன்னலுக்கு வெளிய எதையோ சாத்தி வெச்சிருக்காங்க. எடுக்கச் சொல்லுங்க."

டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். "அது எடுக்குற சாமான் இல்ல. தூணு."

"ஜன்னலுக்கு முன்னாடியா தூணு வெப்பாங்க?"

"கீழ எறங்கி நின்னு பாரு, தெரியும். எவ்வளவு எடுப்பா இருக்கு! இதுக்குப் பேருதான் எலிவேஷன்."

"கீழ நின்னு பாக்குறதுக்கு நான் எதுக்கு மூணாவது மாடிக்குக் குடி வந்தேன்?"

டிரைவர் பதில் சொல்லாமல் பெட்டிகளைப் பிரிக்கப் போனார். அந்த வீட்டில் அவர் பதில் சொல்லாமல் நகர்ந்த முதல் தடவை அது. அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இந்தக் கட்டடம் எழும்பிய காலம் முழுக்க அதன் வாசலைக் கடந்துதான் வண்டி ஓட்டினார். முதலில் விளம்பரப் பலகை வந்தது. அதில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு ஆணும் பெண்ணும் பால்கனியில் நின்று எதையோ பார்த்துச் சிரித்தார்கள். பிறகு வாசலில் இரண்டு சிங்கங்கள் வந்தன. செய்தவர் சிங்கத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. இரண்டும் வயிற்றுவலி வந்த நாய் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதன்பின் குவிமாடம், மாடிக்கு மாடி சிறகு முளைத்த குழந்தைகள், நடுவில் டால்பின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் குளம், முகப்பு நெடுக கீழிருந்து மேல்வரை வெள்ளைத் தூண்கள். விற்றவர்கள் 'பேலஸ்' என்றார்கள். ஆட்டோக்காரர்கள் 'சிங்க பில்டிங்' என்றார்கள். டிரைவர் மட்டும் கடைசிவரை 'பேலஸ்' என்றே சொன்னார்.

பழைய வீட்டை விற்று, ஓய்வுப் பணத்தையும் அதன் தலையில் போட்டு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டில் சொன்னார். டெய்லரம்மாவுக்குப் பழைய வீட்டை நினைத்து ஏக்கமெல்லாம் கிடையாது. ஏங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கூரை ஒழுகும், சாக்கடை நாறும், எலி குடும்பத்தோடு வசிக்கும். "நல்ல வீட்டுக்குப் போறோம்" என்றதும் அவளுக்கும் சந்தோஷம்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தையல் மெஷினப் போட வெளிச்சமான எடம் இருக்குமா?"

"வெளிச்சமா? கண்ணு கூசும்!" என்றார் டிரைவர்.

கண் கூசத்தான் செய்தது. கூடத்தில் தங்கக் கலரில் ஒரு சரவிளக்கு தொங்கியது. அதைப் போட்டால் வியர்த்துக் கொட்டும், அணைத்தால் பட்டப்பகலில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும். சமையலறை ஜன்னலுக்கு ஒரு தூண், பக்கத்து அறை ஜன்னலுக்கு ஒரு தூண். கூடத்தில் பால்கனி என்று ஒன்று உண்டு. ஒரு காலை வைத்தால் அடுத்த காலுக்கு இடம் கிடையாது. டெய்லரம்மா மெஷினைச் சமையலறையில் ஜன்னலோரமாகவே போட்டாள். என்றைக்காவது வெளிச்சம் வரும் என்ற நம்பிக்கையில் அல்ல. வேறு எங்கும் இடமில்லை. டியூப்லைட்டின் கீழ் கருப்புத் துணியில் கருப்பு நூலை ஓட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது.

"கண்ணாடி மாத்தணும் ஒனக்கு," என்றார் டிரைவர்.

"கண்ணாடி மாத்துனா தூணு இன்னும் நல்லாத் தெரியும்."

மீன் வறுத்தால் புகை போக வழியில்லாமல் கூடத்துக்கு வந்து, சரவிளக்கில் ஏறி, படுக்கையில் படுத்தது. இரண்டு நாள் தலையணையில் மீன் வாசம் அடித்தது. மூன்றாம் நாள் அவள் வறுப்பதை விட்டுவிட்டாள். முட்டை வேகவைத்தாள், உருளைக்கிழங்கு வேகவைத்தாள், கஞ்சி வைத்தாள். வறுத்த மீன் இல்லாமல் சாப்பாட்டில் உட்காராத மனிதர், தட்டில் கிடந்த உருளைக்கிழங்கைப் பார்த்து, "ஒடம்புக்கு இதுதான் நல்லது," என்றார்.

அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது. நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் சரிந்துவிடும் என்று நினைத்தார் போல. பழைய சிநேகிதர்களைக் கூட்டிவந்து வாசலில் நிற்கவைத்துக் காட்டுவார். மேலே கூட்டிவர மாட்டார். குடியிருப்போர் சங்கத்தில் அழகுக் குழு என்று ஒன்றை வைத்து, அதில் அவரையும் போட்டிருந்தார்கள். வெளியே துணி காயப்போடக் கூடாது என்று தீர்மானம் வந்தபோது முதலில் கை தூக்கியது அவர்தான்.

மழை தொடங்கிய சமயத்தில் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை; போனால் மாதக்கணக்காகும். பிள்ளை பெற்ற உடம்பு, அம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை என்று வந்தாள். பேத்தியைக் கையில் வாங்கியதும் டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. குளத்தைக் காட்டினார், டால்பினைக் காட்டினார். குழந்தை சிங்கத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது.

"எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்கும்," என்றாள் டெய்லரம்மா.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துணிக்குக் கணக்கு ஏது! நனைந்த துணிகளை அலசிப் பிழிந்து கட்டில் கம்பியில், நாற்காலி முதுகில், கதவுக் கைப்பிடியில் எல்லாம் போட்டாள். சரவிளக்கில்கூட நாலு தொங்கின. எதுவும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தால் ஆவி கிளம்பி அதுவும் சுவரில்தான் போய் ஒட்டியது. சுவரில் முதலில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி வந்தது. பிறகு அது படர்ந்தது. வீட்டுக்குள் எப்போதும் ஈரச் சாக்கு நாற்றம். மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் அது மேல்மாடி நகைக்கடைக்காரரின் சொந்த நீச்சல்குளம். அவர்தான் சங்கத் தலைவரும். கீழே துணி உலர்த்தும் மெஷின் வைத்த அறை உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அறை இருந்தது. அதற்குள் உடைந்த சிறகுக் குழந்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

குழந்தைக்குத் தொடையிடுக்கு சிவந்து புண்ணானது. பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. பிஞ்சு நெஞ்சு விசிலடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா குழந்தையைச் சுற்றியிருந்த துணியை மோந்து பார்த்தார்.

"வீட்டுல சுவரு ஈரமா?"

"ஆமா டாக்டர்," என்றாள் மகள்.

"ஜன்னலத் தொறந்து வையுங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மருந்து நான் எழுதித் தர்றேன்மா. காத்தும் வெயிலும் நீங்கதான் குடுக்கணும். பூஞ்சை புடிச்ச ரூம்ல இந்தப் புள்ளைய வெச்சிருந்தா மறுபடி இங்கதான் வருவீங்க, இதவிட மோசமா."

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. டெய்லரம்மா ஒரு கை துணியை அள்ளிக்கொண்டு போய்க் கூடத்து ஒற்றைக்கால் பால்கனியின் தொந்தி வைத்த கைப்பிடிக் கம்பங்களில் வரிசையாகப் போட்டாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கட்டடத்து மேனேஜர் வந்துவிட்டான். கழுத்தில் டை, கையில் வாக்கிடாக்கி.

"மேடம், முன்பக்கம் துணி போடக்கூடாதுன்னு ரூல் இருக்கு."

"புள்ளத் துணிப்பா. ரெண்டு மணி நேரம் காஞ்சா எடுத்துடுவேன்."

"எலிவேஷன் கெட்டுப்போயிடும் மேடம்."

"கொழந்த கெட்டுப்போனா பரவாயில்லையா?"

"அப்படிச் சொல்லல மேடம். ரூல் நான் போட்டதில்ல. சார்கூட கமிட்டில இருக்காரு, கேட்டுப் பாருங்க."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மேனேஜரிடம், "போயிட்டு வா தம்பி. இன்னிக்கு எடுத்துட்டேன். நாளைக்கும் எடுப்பேன்னு நெனைக்காதே," என்றாள்.

அன்று மத்தியானம் சமையலறை ஜன்னலுக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த இடுக்கிலாவது ஒரு கொடி கட்டலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தாள். இடுக்கில் கையைக் கோணலாக விட்டு, தூணில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி தலைவரைக்கும் உள்ளே போய்விட்டது. ஆணியைப் பிடுங்கினாள். பின்னாலேயே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கொட்டி ஈரக் கையில் ஒட்டிக்கொண்டன.

"அடியே, இங்க ஓடி வா!" என்று மகளைக் கூப்பிட்டாள். "இது கல்லு இல்லடி. டிவி பெட்டிக்குள்ள வெப்பாங்களே, அது."

மகள் உருண்டையை விரலில் நசுக்கிப் பார்த்தாள். "தெர்மாகோல்!"

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்த மகளுக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, நான் கெளம்புறேன். கொழுந்தனார் வீட்டுக்குப் போறேன். அவங்க வீடு சின்னதுதான். ஆனா பின்னாடி கதவத் தொறந்தா வெயில் வருது."

"பொறந்த வீடு இருக்கையில அங்க எதுக்கும்மா?"

"இது வீடு இல்லப்பா. போட்டோ. ஒங்களுக்குப் புடிச்சிருக்கு, நீங்க பாத்துக்கிட்டு இருங்க. எம் புள்ள மூச்சு விடணும்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். டெய்லரம்மா மெஷினில் குனிந்திருந்தாள்.

"நீயாவது அவகிட்டச் சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? பின்பக்கத்து நர்ஸம்மாவுக்கு ஜாக்கெட் குடுக்கப் போயிருந்தேன். அங்க தூணும் இல்ல, சிங்கமும் இல்ல. ஜன்னல் அகலமாத் தொறந்து கெடக்கு. தரையில பாய் விரிச்ச மாதிரி வெயிலு. அத ஒங்களுக்குக் காட்டலியா வித்தவனுங்க?"

டிரைவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். மெஷின் சத்தம் மட்டும் ஓடியது.

"காட்டுனாங்க," என்றார் கடைசியில். "ரெண்டும் காட்டுனாங்க. பின்பக்கம் மொட்டையா இருக்கு, யாரு கண்ணுலயும் படாதுன்னு நான்தான் முன்பக்கம் கேட்டு வாங்குனேன்."

மெஷின் நின்றது. அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இத இவ்வளவு நாளாச் சொல்லாம எப்படித்தான் உருளைக்கெழங்கு தின்னீங்களோ!" என்றாள்.

"அவள இன்னும் ரெண்டு நாளு இருக்கச் சொல்லு. நான் பேசுறேன்."

மறுநாள் சாயங்காலம் சங்கக் கூட்டம். டால்பினை எடுத்துவிட்டுக் குதிரைகள் வைப்பதா, குதிரைகளுக்குத் தங்கப் பூச்சா வெள்ளிப் பூச்சா என்று பேச்சு. டால்பின் குளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கொசு அடித்தபடியே குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எழுந்தார். அவர் எழுந்தால் பாராட்டித்தான் பேசுவார் என்பதால் நகைக்கடைக்காரர் முன்கூட்டியே புன்னகைத்தார்.

"எங்க வீட்டு ஜன்னலுக்கு முன்னாடி இருக்குற தூண எடுக்கணும்," என்றார் டிரைவர். "கொழந்தைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு. காத்து வரல."

"தூண எடுக்கவா? என்ன சார் வெளையாடறீங்க? பில்டிங்கே அதுலதான நிக்குது!"

"அது தெர்மாகோல் சார். என் வீட்டுக்காரி ஆணி அடிச்சுப் பாத்துட்டா. அது பில்டிங்கத் தாங்கல. பில்டிங்தான் அதத் தாங்குது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நகைக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

"சார், இது ஒரு ஸ்டேண்டர்டு. உள்ள இருட்டா இருந்தா லைட் போட்டுக்கோங்க. காத்து வேணும்னா ஏசி போட்டுக்கோங்க. ஒருத்தருக்காக எல்லாரோட முகப்பையும் கெடுக்க முடியாது. துணி காயப்போடக் கூடாதுன்னு கை தூக்குனவரு நீங்க. நீங்களே இப்படிப் பேசலாமா?"

"தூக்குனேன். தப்புதான்," என்றார் டிரைவர். "நான் பஸ்ஸு ஓட்டுனவன். ரோடு தப்பிப் போயிட்டா ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆகணும். எத்தன தடவ எடுத்திருக்கேன்! பின்னாடி வண்டிக்காரன் ஆரன் அடிப்பான், திட்டுவான். பஸ்ஸுக்குள்ள இருக்குறவங்களும் திட்டுவாங்க. அதுக்காக ரோடு பாக்க நல்லாத்தான இருக்குன்னு ஓட்டிக்கிட்டே போக முடியுமா? இந்த வீட்ட முன்பக்கம் வேணும்னு வாங்குனது என் முட்டாள்தனம். அதுக்கு எம் பேத்தி இரும வேண்டாம். நீங்க எடுக்கலன்னா நான் எடுப்பேன்."

"கை வெச்சுப் பாருங்க. கேஸ் போடுவோம்."

"போடுங்க," என்று சொல்லிவிட்டு டிரைவர் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

காலையில் டீ குடித்ததும் டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ரம்பத்தை எடுத்தார். மகள் குழந்தையை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஜன்னல் கதவைக் கீலோடு கழற்றி உள்ளே எடுத்து வைத்தார்கள். தூணின் உடம்பு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வெள்ளை, அவ்வளவு பெரிசு, உள்ளே ஒன்றுமில்லை.

"அறுத்தது கீழ போறவங்க தலையில விழுந்துடக் கூடாது," என்றாள் டெய்லரம்மா. ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தூணைச் சுற்றிப் போட்டு, முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் அவளும் மகளும் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் ரம்பத்தை வைத்தார். 'கீச்' என்று பல் கூசும் சத்தம். மேல்பூச்சு உதிர்ந்தது, பிறகு உருண்டைகள் பறந்தன. தலையில், மீசையில், மெஷினில், கஞ்சிப் பானையில் எல்லாம் வெள்ளை. ஜன்னல் உயரத்துக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. நடுத்துண்டு அசைந்தது.

"இழு, இழு! உள்பக்கமா!"

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். துண்டு பொக்கென்று கழன்று உள்ளே வந்து, டிரைவரை மல்லாத்தி, அவர் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கனமே இல்லை. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். யாரும் தூக்கிவிடவில்லை. ஏனென்றால் வெயில் வந்திருந்தது. அடுப்பு மேடையில், மெஷினில், டெய்லரம்மாவின் முகத்தில். அவள் கையை நீட்டி அதில் வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழுக்கு இந்த அடுப்பு!" என்றாள். "இத்தன நாளு தெரியவே இல்ல."

கீழே கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தான். டிரைவர் எழுந்து, அறுத்த துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கி, வாசல் வழியாகத் தூக்கிப்போய்க் குப்பைத்தொட்டியின் பக்கத்தில் நிறுத்தினார். தூணைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிழவன் நடந்து வருவதைப் பார்த்து காவலாளி வாயைப் பிளந்தான்.

"சார், பில்டிங் விழுந்துடப் போகுது!" என்றான் மேனேஜர்.

"விழுந்தாச் சொல்லியனுப்பு. மாடியிலதான் இருப்பேன்."

மத்தியானம் அவள் மீன் வறுத்தாள். புகை ஜன்னல் வழியாகத் தன் பாட்டுக்குப் போனது. அதைப் பார்ப்பதற்கென்றே மகள் எழுந்து வந்து நின்றாள். ஊருக்குப் போகும் பேச்சை அவள் எடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அடுத்த அறை ஜன்னலின் தூணையும் அன்று மாலையே அறுத்தார்கள். இந்தத் தடவை டிரைவர் கீழே விழவில்லை.

சங்கம் சும்மா இருக்குமா? நோட்டீஸ் வந்தது. அழகுக் குழுவிலிருந்து பெயரை நீக்கினார்கள். லிஃப்ட் அட்டையைப் பிடுங்கினார்கள். டிரைவர் படியேறினார், மூச்சு வாங்கியது, ஏறினார். எதிர்வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாரும் அல்ல. பேங்க்கில் வேலை பார்க்கும் இரண்டாம் மாடி அம்மா தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து ஜன்னலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, துணியைக் கொடுக்க மறந்து போனாள். குழந்தையின் இருமல் ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் விசில் சத்தம் குறைந்தது. புண் ஆறியது. காலை வெயிலில் மெஷினுக்குப் பக்கத்தில் துணி விரித்துக் கிடத்தினால் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

ஒருநாள் காலை தூணை மறுபடி ஒட்ட ஆள் அனுப்பினார்கள். மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி, பலகையில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் மடியில் புதுத் தூண் துண்டு, இன்னொருவன் கையில் பசை வாளி. ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார்கள்.

டெய்லரம்மா மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குக் குறுக்கே கொடி. கொடியில் குழந்தைத் துணிகள். ஜன்னல் விளிம்பில் டிரைவர் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? இத ஒட்டணும்," என்றான் துண்டு வைத்திருந்தவன்.

"தள்ள மாட்டேன் தம்பி. ஒன்மேல கோவம் இல்ல. நீ ஒட்டுனா நாங்க அறுப்போம். ரம்பம் அடுப்பு மேடையிலயேதான் இருக்கு."

அவன் எட்டி உள்ளே பார்த்தான். வெயிலில் கிடந்த குழந்தை அவனைப் பார்த்துக் காலை உதைத்தது. அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.

"வெயில்ல தொங்குறீங்களே, டீ குடிக்கிறீங்களா?" என்று டெய்லரம்மா தையலை நிறுத்தாமலே கேட்டாள்.

"குடுங்கம்மா."

டிரைவர் இரண்டு டம்ளர்களை ஜன்னல் வழியாக நீட்டினார். டீ குடிக்கத் தோதாக ஒருவன் தூண் துண்டைத் தூக்கி உள்ளே கொடுத்தான். மகள் வாங்கி ஓரமாகச் சாத்தினாள். பலகை காற்றில் லேசாக ஆடியது. அவர்கள் ஊதி ஊதிக் குடித்தார்கள்.

கீழேயிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "என்னப்பா, ஒட்டியாச்சா?"

பசை வாளிக்காரன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து கத்தினான்.

"இல்ல சார், இங்க ஒட்ட முடியாது."

"ஏன், என்னாச்சு?"

"உள்ள ஆளு குடியிருக்காங்க சார்!"